வெட்டிப் பார்த்த மின்கலம்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே! அறிவாலும் அகவையாலும் மூத்த ஆன்றோர்களே! மடியில் பிள்ளையையும் மனத்தில் பெருமையையும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! துத்தநாகத்தோடும் தண்ணீரோடும் நான்காண்டு மல்லுக்கட்டிய எங்கள் ஆய்வகத் தோழர்களே! உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

தீப்பற்றாத தண்ணீர், விலை மலிந்த துத்தநாகம். இரண்டும் சேர்ந்த மின்கலம் ஏன் இன்னும் வீடுதோறும் வரவில்லை? மின்னேற்றும்போது கரைசலிலுள்ள துத்தநாகம் தகட்டில் திரும்பப் படிய வேண்டும். சமமாகப் படிந்தால் சமர்த்து; முள்ளாக முளைத்தால் முடிந்தது கதை! இரு தகடுகளையும் பிரிக்கும் தாளைத் துளைத்து எதிர்த்தகட்டைத் தொட்டுவிடும்; கலம் செத்தது! முள் முளைக்க விடாத கரைசலைத் தேடியவர், இன்று நாம் பாராட்டக் கூடியிருக்கும் இந்த அம்மையார். இதோ, மேடையின் கடைசி நாற்காலியில் அமர்ந்து, "போதும் சார்" என்று எனக்குச் சைகை காட்டுகிறாரே, இவரேதான்! சிரிக்காதீர்கள், நான் நிறுத்தப் போவதில்லை.

முப்பது கரைசல்கள் தோற்றன. இன்னொன்று தோற்றால் ஆய்வுக்கே பூட்டு என்றது நிர்வாகம். முப்பத்தொன்றாவது மட்டும் இரண்டு மாதம் ஓடியது. திரையில் மின்னழுத்தக் கோடு ஆடவில்லை, அசையவில்லை. நிர்வாகத்தார் பார்க்க வருவதற்கு முதல் நாள் இவர் வந்து நின்றார்.

"சார், கோடு ரொம்பத்தான் தாழ்வா ஓடுது. எனக்கு நம்பிக்கை இல்ல. வெட்டிப் பார்த்துடலாம்."

"வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழிய உடைக்காதேம்மா! அவங்க பார்த்துட்டுப் போகட்டும்."

"செத்துப்போனத உயிரோட இருக்குன்னு எப்படி சார் காட்டுறது?"

'யார் ஐயா அந்தக் கோழை?' என்கிறார் முன்வரிசைப் பெரியவர். நான்தான் ஐயா! நானேதான்!

மறுநாள், வந்தவர்கள் சுற்றி நிற்க, இவர் வெட்டுக்குறடால் அந்தக் கலத்தைப் பிரித்தார். தாளின் நடுவே கறுத்த முள்! இரு தகடுகளும் என்றைக்கோ தொட்டுக்கொண்டிருந்தன. மின்சாரம் முள்வழியே குறுக்காக ஓடியதால்தான் கோடு அத்தனை அமைதியாகக் கிடந்தது. எங்கள் தொழிலில் இந்த அமைதியைக் கண்டு ஏமாறாதவர் குறைவு.

நிர்வாகத் தலைவி கேட்டார்: "நீங்க மறைச்சிருந்தா நாங்க கண்டுபிடிச்சிருக்கவே மாட்டோமே?"

"நான் கண்டுபிடிச்சுட்டேனே, மேடம்."

தலைவி அந்த முள்ளைக் குனிந்து பார்த்தார். போகும்போது, "இன்னும் ஒரு வருஷம் எடுத்துக்குங்க" என்றார். எனக்கு மூச்சு வந்தது.

அந்த ஓராண்டில் இவர் என்ன செய்தார்? தகட்டருகே சும்மா திரிந்து, குமிழி கிளப்பி, முள்ளுக்கு இடம் கொடுத்த தண்ணீரைக் கட்டிப்போட, இன்னொரு திரவத்தைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டினார், குறைத்தார், மீண்டும் கூட்டினார். நன்றாக ஓடுகிற கலத்தையும் வாரம் ஒன்று வெட்டினார். பெற்ற பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பும் தாய்கூட இத்தனை கேள்வி கேட்கமாட்டாள்!

ஒன்பதாம் மாதம் ஒரு கலம் நெடுநாள் ஓடியது. கோடும் இருக்கவேண்டிய உயரத்தில் இருந்தது. வெட்டுக்குறட்டை என்னிடம் நீட்டினார். "நீங்களே வெட்டுங்க சார்."

வெட்டினேன். தாளில் துளை இல்லை. தகட்டில் முள் இல்லை. சாம்பல் நிறத் துத்தநாகம் சீராகப் படிந்திருந்தது. அறுபது வயதில் அழுதேன், அவையோரே, வெட்கமின்றி அழுதேன்! இவரோ உருப்பெருக்கியில் நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நல்லாத்தான் இருக்கு சார். இன்னும் மூணு வெட்டணும்."

வெட்டினோம். மூன்றிலும் முள் இல்லை!

அம்மா, அன்று "வெட்டாதே" என்ற வாய் இது. ஊரறிய, இந்த அவையறிய, இந்த வாயாலேயே உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பொறுமையோடு கேட்ட பெருமக்களுக்கு என் நன்றி. எல்லோரும் நலமாக வாழ்க!