ஒப்புக்கொள்கிறேன் என்று சொன்ன வக்கீல்

பெயரும் விலாசமும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன. வயது நாற்பத்து நான்கு. தொழில்: வக்கீல் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்களுக்காக அரசுச் செலவில் வாதாடுவது, பதினேழு வருடங்களாக.

விசாரணை அதிகாரி கேட்க நான் சொல்வதாவது:

வக்கீல்களின் மனநல ஆலோசனை அறைக்கு அரசு தரும் நிதியை நிறுத்த வேண்டும், அங்கே எதிரெதிர்த் தரப்பினர் கூடி வழக்குகளைப் பேசி முடிக்கிறார்கள் என்று வந்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அதில் சொல்லப்படும் இருவரில் நான் ஒருத்தி. மற்றவர் அரசுத் தரப்பு வக்கீல். எதற்கெடுத்தாலும் எழுந்து நிற்பவர் என்பதால் நீதிமன்றத்தில் அவருக்கு 'ஆட்சேபணை' என்றே பெயர். எனக்கும் அவருக்கும் பதினோரு வருடமாக ஏழாம் பொருத்தம்.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு குழந்தை இறந்த வழக்கை நடத்தினேன். அதன் புகைப்படங்களைத் தினமும் பார்க்க வேண்டியிருந்தது. அதன் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. வீட்டில் மகள் பல் தேய்த்துவிட்டேன் என்றால் "சாட்சி யாரு?" என்று கேட்டேன். முதலில் சிரித்தாள், அதன் பிறகு என்னிடம் எதுவும் சொல்வதை நிறுத்திவிட்டாள். வெளியே சொன்னால் பைத்தியம் என்று வழக்குகளைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து, எல்லாவற்றையும் மென்று விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அதன் பிறகு ஒரு திங்கட்கிழமை, திருட்டு வழக்கில் ஒரு லிஃப்ட் ஆபரேட்டருக்காக ஆஜரானேன். நீதிபதி அவரைப் பார்த்து, குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார். அவர் வாயைத் திறக்கும் முன் நான், "ஒப்புக்கொள்கிறேன்" என்றேன். என்னைக் கேட்டதாக நினைத்துவிட்டேன். எந்தக் குற்றம் என்று இன்று கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. எழுத்தர் எழுதத் தொடங்கினார். லிஃப்ட் ஆபரேட்டர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

அப்போது நான் மேலே சொன்ன அந்த அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து, "ஆட்சேபணை" என்றார். தனக்குச் சாதகமான பதிலை அவரே ஆட்சேபித்ததால் நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அது அவங்க கட்சிக்காரர் சொன்ன பதில் இல்லைங்க ஐயா. அவங்க ரொம்பக் களைச்சுப் போயிருக்காங்க. நானும்தான்" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். எழுத்தர் எழுதிய பதில் கோடு போட்டு அடிக்கப்பட்டது. வழக்கு முறையாக நடந்து லிஃப்ட் ஆபரேட்டர் விடுதலையானார்.

அதன் பிறகு, வக்கீல்களுக்கு ஒரு மனநல ஆலோசனை அறை வேண்டும் என்று நாங்கள் இருவரும் சேர்ந்து அரசுக்கு மனு எழுதினோம். எந்த வாக்கியத்திலும் ஒத்துப்போகாததால் அதை எழுதி முடிக்க ஐந்து வாரம் ஆயிற்று. நிதிக் குழுவில் ஒருவர், "வக்கீலுக்கெல்லாம் என்னங்க மனக்கஷ்டம், பேசுறதுதானே வேலை?" என்று கேட்டார். அந்தத் திங்கட்கிழமையின் நீதிமன்றப் பதிவை நானே எழுந்து வாசித்தேன். அடிக்கப்பட்ட வரியையும் விடாமல் வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. இரு தரப்பு வக்கீல்களுக்கும் பொதுவாக நிதி ஒதுக்கப்பட்டது. சொல்ல வெட்கமில்லை, வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன், அவ்வளவு சந்தோஷம்.

அறை திறந்த அன்று, யார் கண்ணிலும் படக்கூடாது என்று காலை ஏழரை மணிக்கே போனேன். அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். புகாரில் கண்ட சந்திப்பு இதுதான். அங்கே அவர் என்னிடம் பேசியது முழுவதும் பின்வருமாறு: "வரிசையில நான்தாங்க முதல். ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க." இல்லை என்றேன். பத்து மணிக்குள் நாற்காலி போதவில்லை. அதன் பிறகு அவரும் நானும் பத்தொன்பது வழக்குகளில் மோதியிருக்கிறோம். அவர் ஒரு கேள்வியைக்கூட எனக்கு விட்டுக்கொடுத்ததில்லை, பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளலாம். நான் இப்போது தூங்குகிறேன். மகள் மறுபடியும் பல் தேய்த்துவிட்டதாக என்னிடம் பொய் சொல்லத் தொடங்கியிருக்கிறாள்.

இன்று காலை நான் இங்கே வந்தபோது, இரு தரப்பையும் சேர்ந்த நாற்பத்திரண்டு வக்கீல்கள், தாங்களும் அந்த அறைக்குப் போகிறவர்கள்தான், தங்கள் வாக்குமூலத்தையும் எடுக்க வேண்டும் என்று கருப்பு அங்கியோடு வராந்தாவில் நின்றார்கள். மூன்று வருடங்களுக்கு முன்பு இதை வெளியே சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. வரிசையில் முதல் ஆள் யார் என்பதை அதிகாரியே எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். எல்லாம் உண்மை, யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. என்னைத்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்தே, ஒப்புக்கொள்கிறேன்.

(கையொப்பம்)