வேகமாக எழுந்ததால் வந்த கிறுகிறுப்பு

நீங்கள் நடக்கும்போது இடது பாதத்தைச் சற்று வெளிப்பக்கமாக வைக்கிறீர்கள், டாக்டர். சின்ன வயதில் கணுக்கால் பிசகியிருக்கும், சரியாகக் கட்டுப் போட்டிருக்க மாட்டார்கள். தவறாக நினைக்காதீர்கள். மனிதர்கள் நடப்பதையும் ஓடுவதையும் பார்த்துச் சொல்லித்தான் இத்தனை காலமாகச் சாப்பிடுகிறேன். கண் தானாகப் போய்விடுகிறது.

நேற்று எங்கள் இருவரையும் நிற்க வைத்துக் கேட்டீர்கள், குடும்பத்தில் யாராவது திடீரென்று மயங்கி விழுந்ததுண்டா என்று. உள்ளே படுத்திருக்கும் பையனின் அம்மா எர்னஸ்டீன், இல்லை என்றாள். நான் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். இன்று என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு அதையே மறுபடியும் கேட்கிறீர்கள். யாரும் என்னிடம் ஒரு கேள்வியை இரண்டாம் முறை கேட்டதில்லை. அதனால்தான் சொல்கிறேன்.

பந்தைக் கையில் பிடித்து ஓடி, ஆளை ஆள் மோதிச் சாய்க்கும் எங்கள் ஃபுட்பால் உங்களுக்குப் பிடிக்காது என்று நர்ஸ் சொன்னாள். மிசிசிப்பியில் இப்படி ஒருவரைப் பார்ப்பது அபூர்வம். என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு ஏப்ரலிலும் தொழில்முறை அணிகள் முறை வைத்துக் கல்லூரிப் பையன்களில் தங்களுக்கு வேண்டியவர்களை எடுத்துக்கொள்ளும். ட்ராஃப்ட் என்பார்கள். அதற்கு முன்னால் ஊர் ஊராகப் போய், மழையில் நனைந்து, பெட்ரோல் பங்க்கில் விற்கும் வறுத்த கோழியைத் தின்று, எவன் தேறுவான் எவன் தேறமாட்டான் என்று சொல்கிறவன் நான். நான் தேறுவான் என்று சொன்னால் ஒரு குடும்பத்தின் தலையெழுத்து மாறும். தேறமாட்டான் என்று சொன்னாலும் மாறும். ஆனால் அது யார் கண்ணிலும் படாது.

டவேரியஸைப் பார்ப்பதற்கு முந்தைய வருடம் எனக்கு நல்ல வருடம் இல்லை. நான் அடித்துச் சொல்லி எடுக்கவைத்த பையன் ஒரு சீசன்கூடத் தாங்கவில்லை. எங்கள் மேலாளர் ஹாலிஸ் கத்துகிற ஆள் இல்லை. காரிடாரில் என் தோளில் கைபோட்டு, "வெண்டல், உனக்குக் கண்ணு மங்கிருச்சா, இல்ல மனசு இளகிருச்சா? எதுவா இருந்தாலும் எனக்கு உதவாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. வேறு தொழில் தெரியாது.

அந்த இலையுதிர் காலத்தில்தான் மிசிசிப்பி டெல்டாப் பக்கம் ஒரு சின்னக் கல்லூரியில் டவேரியஸ் பாய்கினைக் கண்டேன். எர்னஸ்டீனின் மூத்த மகன். வேறு எந்த அணியிலிருந்தும் யாரும் அவனைப் பார்க்க வந்திருக்கவில்லை. ஆறரை அடி உயரம். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவன் திரும்புகிற திரும்பல் இருக்கிறதே, கதவு கீலில் திரும்புவது போல, சத்தமே இருக்காது. எதிராளி அவன் வந்ததை அறிவதற்குள் தரையில் கிடப்பான். என் தொழிலில் இப்படி ஒருவனை வாழ்நாளில் ஒரு முறையோ இரண்டு முறையோதான் பார்க்க முடியும். அதுவும் முதல் ஆளாக.

அன்று பயிற்சி முடிந்து எல்லோரும் குளிக்கப் போய்விட்டார்கள். நல்ல குளிர், நான் கோட்டு போட்டிருந்தேன். டவேரியஸ் மட்டும் மைதான ஓரத்தில் தனியாக இன்னும் இரண்டு ஓட்டம் ஓடினான். ஓடி முடித்து, கேலரிக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயை நோக்கி நடந்தவன், வெட்டிய மரம் போல விழுந்தான். காலும் தடுக்கவில்லை, கையும் ஊன்றவில்லை. நான் ஓடிப்போய்த் தலையைத் தூக்கினேன். கண் திறந்திருந்தது, ஆனால் அவன் அதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சு இழுத்து எழுந்து உட்கார்ந்தான்.

"கோச்சுகிட்ட சொல்லிராதீங்க சார்" என்றான். அதுதான் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"இதுக்கு முன்னாடி வந்திருக்கா?"

"ஸ்கூல்ல வந்திருக்கு. எங்கப்பாவுக்கும் இப்படி வருமாம். ஒரு நாள் தூக்கத்துலயே போயிட்டாரு. குடிச்சதால போனாருன்னு அம்மா சொல்லும்." பிறகு சிரித்தான். "நான் குடிக்க மாட்டேன் சார். அதனால பயமில்ல."

நான் டாக்டர் இல்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பார்ப்பது என் தொழில் என்பதால், பார்த்ததை எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். அன்று அந்தக் குழாயடியில் எனக்கு விளங்கிவிட்டது.

அதைச் சொல்லியிருந்தால் எல்லா அணிகளும் அன்றே அவன் பெயரை அடித்துவிடும். அவன் அம்மா கோழித் தொழிற்சாலையில் குளிர் அறையில் நின்று நின்று விரல் மடங்காமல் போனவள். இவன் ஒருவனை நம்பித்தான் அந்த வீடு இருந்தது. இவ்வளவு பெரிய வாசலை நான் எப்படி அடைக்க முடியும்? சொல்வதற்கு நான் யார்? அன்று அப்படித்தான் யோசித்தேன். யோசித்தது தப்பு என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

ட்ராஃப்டுக்கு முன்னால் பையன்களை இண்டியானாபோலிஸுக்கு வரவழைத்துப் பரிசோதிப்பார்கள். அவன் கிளம்புவதற்கு முந்தின வாரம் அவனைக் காரில் உட்கார வைத்துப் பேசினேன்.

"டாக்டருங்க நெஞ்சுல வயர் ஒட்டிப் படம் எடுப்பாங்க. உன் இதயம் பெருசா இருக்குன்னு சொல்லலாம். விளையாடுறவனுக்கு எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், அவங்களுக்கே தெரியும். அப்புறம் ஒரு கேள்வி கேப்பாங்க, மயங்கி விழுந்திருக்கியான்னு."

"என்ன சொல்லட்டும் மிஸ்டர் வெண்டல்?"

"நீ மயங்கியா விழுந்த? வேகமா எழுந்தா யாருக்கும் கிறுகிறுன்னு வரும். அதுக்குப் பேரு மயக்கம் இல்ல, எழுந்து நிக்கிறது."

அவன் முழங்காலைத் தடவிக்கொண்டான். "நீங்க சொன்னாச் சரிதான்" என்றான். கவனியுங்கள், டாக்டர், நான் பொய் சொல் என்று சொல்லவில்லை.

அங்கே ஒரு மேடை உண்டு. பையன்கள் வெறும் கால்சட்டையோடு ஒவ்வொருவராக ஏறி நிற்பார்கள். உயரம், எடை, கையின் நீளம் எல்லாவற்றையும் ஒருவர் சத்தமாகப் படிப்பார். நாங்கள் கீழே வரிசையாக உட்கார்ந்திருப்போம். என் தாத்தாவின் தாத்தாவையும் இப்படித்தான் ஏதாவது ஓர் அடிமைச் சந்தை மேடையில் நிறுத்திக் கை அளந்திருப்பார்கள் என்று டவேரியஸ் ஏறியபோது தோன்றியது. தோன்றியதோடு சரி. பக்கத்தில் இருந்த வேறு அணிக்காரன், "யாருப்பா இவன், எந்தக் காட்டுலேர்ந்து புடிச்சீங்க?" என்று முணுமுணுத்தான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஏப்ரலில், எங்கள் முறை வருவதற்குச் சற்று முன்னால், ஹாலிஸ் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார். "வெண்டல், இவன்கிட்ட உன்ன உறுத்துறது ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு டெலிபோனை எடுத்தார். எல்லோரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டு, உன்னை எடுத்துக்கொண்டோம் என்றார். அந்தப் பக்கம் டவேரியஸ் அழுதுகொண்டிருந்தான். பின்னால் எர்னஸ்டீனின் குரல், "கர்த்தாவே, கர்த்தாவே" என்று. ஹாலிஸ் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்த ஒரு நிமிடத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சுகமாக இருக்கிறது. மறைத்துப் பயனில்லை.

ஜூலையில் பயிற்சி முகாமின் இரண்டாம் வாரம் விழுந்தான். இந்த முறை எழவில்லை. கடும் வெயில், உடம்பு கொதித்தது, அதனால் வெயில் என்று எழுதினார்கள். உடற்பயிற்சி கோச் ப்ரூயிட்டைப் பிடித்துக்கொண்டார்கள். பையனை வெயிலில் ஓட்டிக் கொன்றவன் என்று பத்திரிகைகள் அவன் படத்தைப் போட்டன. அவன் நேரத்துக்கு நேரம் நிழலில் நிறுத்தித் தண்ணீர் கொடுத்தவன். நான் அங்கேயே நின்று பார்த்தேன். வேலையிலிருந்து போகும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"வெண்டல், உனக்குத்தான் அவன நல்லாத் தெரியும். அவன் உடம்புல முன்னாடியே ஏதாச்சும் இருந்துச்சா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லப்பா."

நம்பினான். அதன் பிறகு அவனை எந்த அணியும் சேர்க்கவில்லை. ஒஹையோவில் டயர் கடையில் நிற்கிறானாம். கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குள் வெயில் என்று எழுதி முத்திரை குத்திவிட்டார்களே, நான் ஒருவன் என்ன செய்ய முடியும்?

அடக்கத்தில் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன். சர்ச் வாசலில் எர்னஸ்டீன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ள உங்ககிட்ட கடைசியா ஏதாச்சும் சொன்னானா மிஸ்டர் வெண்டல்?" என்று கேட்டாள்.

"உங்களுக்கு வீடு வாங்கித் தரப்போறேன்னு சொன்னான்." இது உண்மை. அடிக்கடி சொல்வான்.

அவள் இளையவனைத் தோளைப் பிடித்து என் முன்னால் தள்ளினாள். மார்லன். அப்போது பள்ளிக்கூடத்தில் படித்தான். "இவனும் அண்ணன் மாதிரி ஆடணுங்கிறான். எனக்கு ஆம்பளத் துணை கிடையாது. அவனப் பாத்துக்கிட்ட மாதிரி இவனையும் நீங்கதான் பாத்துக்கணும்."

பார்த்துக்கொண்டேன். வாரம் ஒருமுறை போன் செய்தேன், அவனுக்குக் காலணி வாங்கிக் கொடுத்தேன், கல்லூரியில் இடமும் பிடித்துக் கொடுத்தேன். அண்ணனைவிடக் குட்டை, ஆனால் அண்ணனைவிட வேகம். ஆட்டம் இல்லாத நாளில் எனக்குப் போன் போட்டு, "கெழவா, இன்னும் உசுரோட இருக்கியா?" என்று கேட்பான். எனக்குப் பிள்ளை கிடையாது. அவனை நான் நேசிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஒருமுறை சொல்லிவிடுவது என்றே முடிவு செய்து எர்னஸ்டீன் வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்திருந்தாள். கெளுத்தி மீன் பொரித்துக் கீரையும் வைத்தாள். நான் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எர்னஸ்டீன், டவேரியஸ் விஷயமா ஒண்ணு" என்று தொடங்கினேன்.

அவள் என்னைப் பேச விடவில்லை. "வெயிலு பண்ண வேலைக்கு நாம என்ன பண்றது? நான் அதப் புடிச்சுக்கிட்டுத்தான் காலையில எந்திரிக்கிறேன். அவன் உடம்புக்குள்ளயே ஏதோ இருந்து, பெத்தவ எனக்கு அது தெரியாமப் போயிருந்தா, என்னால தாங்க முடியாது மிஸ்டர் வெண்டல். சத்தியமா முடியாது."

இப்படிச் சொன்ன ஒரு தாயிடம் நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? மீனைச் சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்றேன். இன்னொரு துண்டு வைத்தாள்.

போன வசந்தத்தில் மார்லன் போன் செய்தான். கேலி எதுவும் பேசவில்லை. "ஓடி முடிச்சதும் கண்ணு இருட்டுது. நேத்து லாக்கர் ரூம்ல தரையில கிடந்தேன், எப்படி விழுந்தேன்னே தெரியல. அண்ணனுக்கு இப்படி வந்திருக்கா?"

"காலைல ஒழுங்காச் சாப்பிடுறியா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"சாப்பிடு. தண்ணி நிறையக் குடி. வேகமா எழுந்திரிக்காத."

"அம்மாகிட்ட சொல்லட்டுமா?"

"அம்மாவ ஏன் பயமுறுத்துற?"

"நீங்க சொன்னாச் சரிதான்" என்றான்.

சனிக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். யாரும் அவனை இடிக்கவில்லை. வெயிலும் இல்லை, பார்க்க வந்தவர்கள் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். பந்து அடுத்த கோடியில் இருந்தது. எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள். நான் பந்தைப் பார்க்கிறவன் இல்லை, அதனால் அவன் விழுந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். எழுந்து சத்தம் போட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஏன் என்று தெரியவில்லை.

இது அப்பனிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் வியாதி என்று நேற்று சொன்னீர்கள். முன்னாலேயே தெரிந்திருந்தால் நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கருவி வைத்திருக்கலாம், ஆட முடியாது, அவ்வளவுதான் என்றீர்கள். அந்த அவ்வளவுதானைத்தான் இரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆட முடியாது என்று நான் சொன்ன பையன்களை எனக்குத் தெரியும். மரம் அறுக்கும் ஆலைகளிலும் கிடங்குகளிலும் இருக்கிறார்கள். எங்கேயாவது பார்த்தால் என்னோடு கைகுலுக்குவார்கள். எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறார்கள்.

நான் கெட்டவன் என்றால் இதையெல்லாம் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன். நீங்கள் இரண்டாம் முறை கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். மற்றவர்களும் அப்படிக் கேட்டிருந்தால் அவர்களிடமும் சொல்லியிருப்பேன்.

இன்று காலையில் நீங்கள் எர்னஸ்டீனிடம், அவன் கண் திறக்க வாய்ப்பிருக்கிறது, திறந்தால் நினைவும் பேச்சும் மெல்ல மெல்லத் திரும்பிவிடும் என்று சொன்னீர்கள். அவள் என் கையைப் பிடித்துக் கீழே உங்கள் ஆஸ்பத்திரி சர்ச்சுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வசந்தத்தில் என்னிடம் போனில் பேசியது மார்லனுக்கு நினைவிருக்கும். அம்மாவிடம் அவன் எதையும் மறைக்கிற பிள்ளை இல்லை, நான் சொன்னதால்தான் மறைத்தான். அவள் மண்டியிட்டு, பிள்ளை கண்ணைத் திறக்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டாள். நானும் பக்கத்தில் மண்டியிட்டேன்.

நான் கர்த்தரிடம் அதைக் கேட்கவில்லை, டாக்டர்.