மேளத்தின் வேகத்துக்கு ஒரு கொன்வேட்டர்

ஹலோ... ஓம் தயாபரன், செல்வராசாதான். மாங்குளத்தில இருந்து வேற ஆர் உனக்கு எடுக்கிறது? கார்ச்சாமான் கடைக்குள்ள போயிட்டியோ? ... நல்லது. நான் ஆரெண்டு கடைக்காரனிட்டைச் சொன்னனியோ? ... சும்மா மச்சான் எண்டோ சொன்னனீ? வன்னிப் பழங்கார்ச் சங்கத் தலைவர் எண்டு சொல்லு. ... வேற ஆரும் இன்னும் சேரேல்லை. அதைக் கனடாக்காரன் கேக்கமாட்டான்.

ஓம், ஓம், டோர்க் கொன்வேட்டர்தான். எஞ்சினுக்கும் ஓட்டோ கியருக்கும் நடுவில இருக்கிற உருண்டைச் சாமான். அது செத்துப்போச்சு. எஞ்சின் உறுமுது, கார் அசையுதில்லை. தை பிறக்க முதல் வந்து சேரோணும். என்ர மகள் தாட்சாயினியின்ர கலியாணம்! மாப்பிள்ளையைக் கோயிலடியில இருந்து மண்டபத்துக்கு அந்தக் காரிலதான் கூட்டிவாறதெண்டு சம்பந்திக்கு வாக்குக் குடுத்திட்டன்.

நம்பரோ? ... ஓ, கொன்வேட்டரும் நம்பர் நம்பராத்தான் வருமோ? அதில ஆகப் பெரிசு எது? ... அதை எடு. ... எடன். சம்பந்தி கதிர்காமநாதன் வீட்டில ஃபிரிட்ஜே ரெண்டு கதவு. நான் சின்ன நம்பரோட போய் நிக்கிறதோ?

என்னவாம்? ரேசுக்கோ எண்டு கேக்கிறானோ? ... இல்லை, மரியாதைக்கு. ... வேகமோ? மேளத்தின்ர வேகம். ... அதை மைலில எப்பிடிச் சொல்லுறது? தவில்காரன் நிண்டால் கார் நிக்கோணும். அவன் வெத்திலை போட்டால் நாங்களும் பொறுக்கோணும். இங்கிலிசில சொல்லு.

ம்... ம்... ஓம்... பெரிய நம்பரெண்டால் எஞ்சின் அவ்வளவு கத்தினாப் பிறகுதான் கார் வெளிக்கிடுமோ? ... நடை வேகத்தில எண்ணெயும் கொதிக்குமோ? ... அப்ப தவில் கேக்காது. மாப்பிள்ளையும் அவிஞ்சுபோவார். ... எதை எடுக்கட்டாம்? ... ஆகச் சின்னனையோ! தயாபரன், நான் தலைவர். ... சரி, சரி, கத்தாதை. சின்னனையே எடு. பெட்டியை மட்டும் பெரிசாக் கேள்.

... புளியங்குளத்துக் கலியாணத்துக்கோ? ஓம், கார் போனதுதான். ... ஓம், அப்பவும் செத்துத்தான் கிடந்தது. கோயிலடி வரைக்கும் லொறியில. அங்கயிருந்து தானா. ... தள்ளினதெண்டு சொல்லாதை! நாலுபேர் பக்கத்தில வந்தவை. பட்டு வேட்டி, தலைப்பாகை. கை காரில இருந்தது, அவ்வளவுதான். ... சனம் அதை ஏதோ மரியாதை அணி எண்டு நினைச்சுது. வீடியோக்காரன் மாப்பிள்ளையை விட்டிட்டு அவையளைத்தான் எடுத்தவன். ... நான் ஒண்டும் சொல்லேல்லை. மறுக்கவும் இல்லை. இந்தமுறை நாலுபேருக்கும் நெல்லு வெட்டு. அதாலதான் உன்னைக் கடைக்கு அனுப்பினனான்.

பொறு, மனிசி இரஞ்சிதம் கூப்பிடுறா. ... என்னப்பா? சம்பந்தி மற்ற ஃபோனிலயோ? ... எந்த நாலுபேர்? ... ஆ. ... சரி, லைனில நிக்கச் சொல்லு.

தயாபரன்... இருக்கிறியோ? ... மாப்பிள்ளை பகுதி அந்த வீடியோவைப் பாத்திட்டினமாம். தலைப்பாகை கட்டின நாலுபேரும் கட்டாயம் வரோணுமாம். இல்லாட்டி மாப்பிள்ளை வாடகை வான் பிடிச்சு வந்து இறங்குவாராம். பழைய வன்னி முறையாம், விடக்கூடாதாம். ... எவ்வளவு பழசோ? போன ஆவணியில நான்தான் தொடங்கினனான்.

பில் போட்டிட்டானோ? ... நிப்பாட்டு, நிப்பாட்டு. எடுத்த இடத்திலயே வை. ... கார் தானா ஓடினால் அவை கையை எங்க வைக்கிறது? ... மன்னிப்புக் கேள். நான் கேட்டதெண்டு சொல்லாதை. பெரிய நம்பர் போட்ட ஸ்டிக்கர் இருந்தால் ஒண்டு வாங்கு, பின் கண்ணாடிக்கு.

கேளன், நீ கலியாணத்துக்கு வாறாய்தானே? ... டிக்கெட்டும் போட்டாச்சோ? சந்தோசம். வெட்டு நேரத்தில ஊருக்குள்ள மூண்டுபேர்தான் தேறுவினம். ... இல்லை, சும்மாதான். உன்ர தலை அளவென்ன? ... தலைப்பாகைக்குத்தான். ... முதுகு இப்ப சுகமோ? ... தயாபரன்? ... ஹலோ? ... ஹலோ?

இரஞ்சிதம், கட் பண்ணிட்டான். ... ஓம், ஓம், நாலுபேரும் வருவினமெண்டு சம்பந்திக்குச் சொல்லு. ஒராள் கனடாவில இருந்தே வாறாரெண்டும் சொல்லு.