பத்தொன்பது நாள் பொறுத்தால் ஐந்து சதவீதம்

ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கிரெடிட் கார்டு நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வரும். வரப்போகும் காலாண்டில் எந்த வகைக் கடைகளில் செலவு செய்தால் ஐந்து சதவீதம் திருப்பித் தருவார்கள் என்று அதில் இருக்கும். சம்மதம் என்று அழுத்தினால் உண்டு. மறந்துவிட்டால் வழக்கம்போல ஒரு சதவீதம்தான். எங்கள் துறைமுக அலுவலகத்தில் பன்னிரண்டு பேர். பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட அழுத்தத் தவறாதவன் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, சார்ஜென்ட் பாவோலா. நான் எப்படிப்பட்ட ஆள் என்பதும் இந்த வாக்குமூலப் பதிவில் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

வீட்டில் ஒன்பது கார்டுகள் இருந்தன. ஐந்து என் பெயரில், நான்கு என் மனைவி மார்லிஸ் பெயரில். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை நாடா ஒட்டி, அந்தக் காலாண்டின் வகையை எழுதி வைப்பேன். பெட்ரோல், உணவகம், மளிகை. மார்லிஸ் நாடாவைப் படிக்கவே மாட்டாள். கடையில் பணம் கட்டும் இடத்தில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்வாள்.

"எந்தக் கார்டுன்னு சீக்கிரம் சொல்லு, வாரன். பின்னாடி நிக்கிறவங்க பார்வையாலயே என்னைச் சுட்டுடுவாங்க போலிருக்கு."

நான் சொல்வேன். அவள் சிரிப்பாள். முப்பத்தோரு வருடம் எங்களுக்குள் சண்டை என்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். மற்றவர்கள் நோய்க்குப் பயப்படுவார்கள், விபத்துக்குப் பயப்படுவார்கள். ஐந்து சதவீதம் கிடைத்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு சதவீதத்துக்குச் செலவழித்துவிட்டு வெளியே வந்தால், மாடிப்படியில் ஒரு படி குறைந்ததுபோல எனக்கு வயிறு ஒரு கணம் கீழே இறங்கும். அந்த உணர்வைத் தவிர்க்க நான் நிறைய ஏற்பாடுகள் செய்துகொள்வேன். அதை யாரும் ஒரு குற்றமாகச் சொன்னதில்லை.

மார்ச் பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை, நிலவறையிலிருக்கும் உலையைச் சோதிக்க டாலெஃப்சன் என்ற பழுதுபார்ப்பவர் வந்தார். வீடு முழுவதற்கும் சூடான காற்றை அனுப்புவது அந்த உலைதான். அவர் உள்ளே ஒரு சிறு கண்ணாடியை நுழைத்து, விளக்கடித்து, இரும்பில் ஓடியிருந்த விரிசலை எனக்குக் காட்டினார். முடி அளவுதான் இருந்தது. எரியும் வாயுவின் நச்சு அதன் வழியாக அறைகளுக்குப் போகும் காற்றில் கலந்துவிடும் என்றார். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது என்றார். எரிவாயுக் குழாயை மூடி, அதில் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டிக் கையெழுத்துப் போட்டார்.

"மாத்துற வரைக்கும் இத ஓட்டவே ஓட்டாதீங்க. உங்க வீட்டுக்காரம்மாகிட்டயும் சொல்லிடுங்க."

சொல்லிவிடுகிறேன் என்றேன்.

மார்லிஸுக்குப் பிப்ரவரியில் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. கைத்தாங்கி வைத்துக்கொண்டு மாடியில் படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடப்பாள். நான் காலையில் வேலைக்குப் போனால் பகல் முழுவதும் வீட்டில் அவள் மட்டும்தான்.

புது உலையை வீட்டுப் பராமரிப்புக் கடைகளில் வாங்கலாம். அவர்களே வந்து பொருத்தியும் தருவார்கள். ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து அந்தக் கடைகளுக்கு ஐந்து சதவீதம். என் கார்டு ஒன்றுக்கும் மார்லிஸின் கார்டு ஒன்றுக்கும் அதே வகை. அதற்குப் பத்தொன்பது நாள் இருந்தது. விஷயம் தெரிந்தவர்கள் ஒன்று கேட்பார்கள்: மார்ச் வரை மளிகைக்கு ஐந்து சதவீதம் இருந்ததே, மளிகைக் கடையில் விற்கும் பராமரிப்புக் கடையின் கிஃப்ட் கார்டுகளை வாங்கி, அதைக் கொண்டு உலையை வாங்கியிருக்கலாமே என்று. நியாயமான கேள்வி. ஆனால் ஒரு கார்டில் ஒரு காலாண்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு டாலர் வரைதான் ஐந்து சதவீதம் தருவார்கள். மளிகை வரம்பை நான் ஜனவரியிலேயே முடித்திருந்தேன். அந்த அவசரத்துக்காகப் பின்னால் வருத்தப்பட்டேன்.

வெளியே நீர் கொட்டினால் தரையில் விழுமுன் உறையும் குளிர். புது முழங்காலோடு ஒரு பெண்ணை வெந்நீர்ப் பையோடு மட்டும் விட்டுவைக்க முடியாது. அவளுக்காகத்தான் அட்டையைக் கழற்றினேன். குழாயைத் திறந்தேன். உலை எப்போதும்போல ஒரு பெருமூச்சோடு பற்றிக்கொண்டது.

மாடி நடையில் ஓர் எச்சரிக்கைக் கருவி இருந்தது. நச்சின் அளவை எண்ணாகக் காட்டும். அளவு மீறினால் அலறும். அலறினால் அவள் பயந்துவிடுவாள். அன்று மாலையே அதைக் கழற்றி என் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். பொறுப்பில்லாமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். தினமும் வீடு திரும்பியதும் அதில் பேட்டரியைப் போட்டு எண்ணைப் பார்ப்பேன், பிறகு பேட்டரியை எடுத்துவிடுவேன். முப்பத்தைந்து, நாற்பத்தெட்டு, ஐம்பது. எழுபதைத் தாண்டாதவரை தலைவலியோடு போய்விடும் என்று படித்திருந்தேன்.

தலைவலி திங்கட்கிழமை வந்தது. புதன்கிழமை, மாடிப்படியின் அடியில் நனைந்த கோட்டுப் போட்ட ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதாக மார்லிஸ் சொன்னாள். அவள் அதைச் சொன்னபோது நான் சூப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். அந்த ஆள் ஒன்றும் செய்யவில்லையாம். தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தானாம். ஈரக் கம்பளியின் வாடைகூட அடித்ததாம். வலி மாத்திரை அப்படித்தான் செய்யும் என்றேன். அவள் நம்ப விரும்பினாள். ஆனால் இரண்டு நாள் கழித்து, படுக்கையறைச் சுவரில் சூடான காற்று வரும் கம்பித் திறப்பைக் காட்டி, மெதுவாகச் சொன்னாள்.

"அதுக்குள்ளேருந்து யாரோ மூச்சு விடறாங்க. நீ காது வச்சுக் கேளு."

நான் காது வைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை என்றேன். அவள் என் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கை ஜோலீன், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவள், உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டு வேகவைத்த ஒரு தட்டோடு வந்தாள். ஜோலீனுக்கு என்னைப் பிடிக்காது. என் நாடாக்களை இன்னும் பிடிக்காது. கீழே மேசைமேல் கிடந்த, புது உலைக்கான விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு, ஏன் இன்னும் வாங்கவில்லை என்று கேட்டாள். ஏப்ரலில் வாங்குவதாகச் சொன்னேன்.

"அதானே. செத்தாகூட நல்ல காலாண்டாப் பாத்துச் சாகணும் உன் வீட்ல" என்றாள்.

மார்லிஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒன்றரை மணி நேரத்தில் ஜோலீன் தனக்கும் தலை கனக்கிறது, கோடை வரைக்கும் இந்த வீட்டு ஜன்னல்களைத் திறக்கவே மாட்டீர்களா என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாள் முழங்கால் பயிற்சிக்காக மார்லிஸைக் காரில் கூட்டிப்போனேன். அங்கே ஒரு மணி நேரத்தில் அவள் முகத்தில் நிறம் வந்துவிட்டது. அங்கிருந்த பெண்ணோடு எதற்கோ கேலி பேசினாள். திரும்பி வரும் வழியில் ஏரி முழுக்க வெள்ளையாக உறைந்து கிடந்தது. வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் அவள் இறங்கவில்லை.

"அங்க போனா தலைவலி போயிடுது. இங்க கால் வச்சா வந்துடுது. என் உடம்புல ஒண்ணும் இல்ல, வாரன். வீட்லதான் ஏதோ இருக்கு."

அப்போது சொல்லியிருக்கலாம். என்ஜினை அணைத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் எங்கள் மூச்சு பனியாகப் படர்ந்து தெருவை மறைத்தது. இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பத்து நாள் போய்விட்டதே, பாதிக்கு மேல் தாண்டிவிட்டோமே என்றுதான் எனக்குத் தோன்றியது. ஜோலீன் வீட்டில் கொஞ்ச நாள் போய் இருக்கட்டுமா என்று மார்லிஸ் கேட்டாள். அங்கே படிகள் செங்குத்து, முழங்காலுக்கு ஆகாது என்றேன். அதுவும் உண்மைதான். இன்னொன்றும் உண்மை: ஜோலீன் மருத்துவமனையில் வேலை செய்தவள். மார்லிஸ் அவள் வீட்டில் இரண்டு நாள் தெளிவாக இருந்தால் ஜோலீனுக்குக் காரணம் புரிந்துவிடும்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. பிற்பகலில் கீழே நாடாக்களை மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன், ஏப்ரலுக்காக. தலை நிமிர்ந்தபோது அந்த ஆள் படியின் அடியில் உட்கார்ந்திருந்தார். கோட்டின் விளிம்பிலிருந்து நீர் சொட்டியது. எனக்குக் காரணம் தெரியும், சார்ஜென்ட். மூளைக்குப் பிராணவாயு குறைந்தால் இல்லாதது தெரியும் என்று படித்தவன் நான். விரிசலைக் கண்ணால் பார்த்தவன். ஆனாலும் என் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது, அதைக் குனிந்து எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் தலையைத் தூக்கிவிடுவாரோ என்று பயந்தேன். எழுந்து பின்பக்கக் கண்ணாடித் தாழ்வாரத்துக்குப் போய், ஜன்னலைத் திறந்து, நடுங்கிக்கொண்டே நின்றேன்.

அன்றிலிருந்து தாழ்வாரத்தில்தான் படுத்தேன். முதுகு வலி என்று மார்லிஸிடம் சொன்னேன். வீட்டில் ஒரு மின்கணப்பு இருந்தது. அதைத் தாழ்வாரத்துக்கு எடுத்துக்கொண்டேன். மார்லிஸின் அறையில் அதை வைத்து உலையை அணைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். மின்கட்டணம் அந்தக் காலாண்டின் வகைகளில் இல்லை. வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

தனியாகப் படுக்க ஆரம்பித்ததும் அவள் பயம் அதிகமானது. ஞாயிற்றுக்கிழமை என்னிடம் அகல நாடா கேட்டாள். அவன் ஜன்னல் இடுக்கு வழியாக வருகிறான் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. நானே ஸ்டூலில் ஏறி ஜன்னலைச் சுற்றி ஒட்டிக்கொடுத்தேன். வீட்டுச் சூடும் வெளியே போகாது. திங்கட்கிழமை பயிற்சிக்கு வரவில்லை என்றுவிட்டாள். அன்று மாலை கருவி தொண்ணூற்றாறு காட்டியது.

அடுத்த நாள், முப்பத்தொன்றாம் தேதி, மாலை ஐந்து நாற்பதுக்கு வீட்டுக்கு வந்தேன். அவள் கதவுக்குப் பின்னால் அலமாரியை இழுத்து நிறுத்தியிருந்தாள். அந்த முழங்காலோடு எப்படி இழுத்தாள் என்று தெரியவில்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. தீயணைப்புக்காரர்களை அழைத்தேன். அவர்கள் வருவதற்குள் உலையை அணைத்து, சிவப்பு அட்டையை மறுபடி கட்டி, கருவியைச் சுவரில் மாட்டினேன். அவர்கள் கதவை உடைத்தார்கள். அவள் கட்டிலில் இல்லை. கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவே, கைத்தாங்கியைக் குறுக்கே பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் இறந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும் என்றார்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடை திறந்தது. உலை இல்லாத வீட்டில் குழாய்கள் உறைந்து வெடித்துவிடும். அதனால் போனேன். என் கார்டில் ஆயிரத்து ஐந்நூறு, மார்லிஸின் கார்டில் ஆயிரத்து ஐந்நூறு, மீதியை வேறொன்றில். இறந்தவரின் கார்டில் மறுநாளே எப்படிச் செலவு நடந்தது என்று பார்த்துத்தான் நீங்கள் என்னைத் தேடி வந்திருப்பீர்கள். டாலெஃப்சனின் ரசீதில் மார்ச் பதின்மூன்று என்று இருந்ததைப் பிறகு பார்த்திருப்பீர்கள். ஒரு சதவீதத்துக்கும் ஐந்து சதவீதத்துக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம் என்று நேற்று கேட்டீர்கள். இரண்டு கார்டுக்கும் சேர்த்து நூற்றிருபது டாலர். நீங்கள் அதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தீர்கள். தொகை சிறியது என்று எனக்கும் தெரியும். ஆனால் சிறியது என்று ஒவ்வொரு தடவையும் விட்டுக்கொண்டே போனால் பிறகு எதற்குமே முறை இருக்காது.

நான் மறைத்தது ஒன்றுதான். எதிர்வீட்டுக்காரர் அன்று மதியம் என் காரைப் பார்த்ததாகச் சொன்னது சரி. சாப்பாட்டு இடைவேளையில் நான் வீட்டுக்கு வந்தேன். மேலே போய்க் கதவைத் தட்டினேன். அவள் தரையோடு தவழ்ந்து வந்து அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தி, பாதி முகம் தெரியும் அளவுக்குத் திறந்தாள். உதடுகள் செக்கச்செவேல் என்று இருந்தன. நச்சு ரத்தத்தில் ஏறிவிட்டது என்பதற்கு அது அடையாளம் என்று எனக்குத் தெரியும். கருவி என் பையில் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். கடை திறக்க இன்னும் பதினேழு மணி நேரம்தான் இருந்தது.

இப்படியே விட்டால் அவள் இறந்துவிடலாம் என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்திருந்தது. எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்துதான் கதவை வெளியிலிருந்து மெல்லச் சாத்தினேன்.

சாத்துவதற்கு முன்னால் அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு குழறியது. ஆனாலும் புரிந்தது.

"போகாத, வாரன். இந்த வீட்ல இருக்கிற யாரோ என்னைக் கொல்லப் பாக்கிறாங்க."

உனக்குக் கெடுதல் நினைக்கிற யாரும் இந்த வீட்டில் இல்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் கையை விட்டாள். அதை நான் மனதாரத்தான் சொன்னேன், சார்ஜென்ட். இப்போதும் வேண்டுமானால் சத்தியம் செய்து சொல்கிறேன்.