ஒரு மணி வரிசை

— துணியை எடுக்காத, தொரை. அமுக்கிப் புடி. இன்னும் ரத்தம் வருது பாரு.

— புடிச்சிக்கினுதான் இருக்கேன் பாய்.

— பிரியாணி அள்ற இரும்புக் கரண்டியாலயாடா ஒரு மனுஷன் மண்டையைப் பொளப்ப?

— மூணு தடவை வந்தான் பாய். வரிசைல நிக்கிறான், பிரியாணி தேக்சா கிட்ட வர்றான், சோறு வாங்காம நழுவிப் போய் மறுபடி கடைசில நிக்கிறான். வரிசைல எடம் புடிச்சு விக்கிற பயன்னு நெனச்சேன். யாருடா நீன்னு கேட்டா, இருன்னு கை காட்டிட்டு முதுகைத் திருப்பிக்கிறான்.

— அதுக்கு?

— அதுக்குள்ள, லேட்டாவுதுன்னு பின்னாடி இருந்தவன் தட்டாலயே என் வாய்ல அடிச்சான். பாருங்க, பல்லு ஆடுது. இன்னொருத்தன் சட்டையைக் கிழிச்சான். கைல இருந்தது கரண்டி. எவன் கிட்ட இருந்தானோ அவன் மேல வீசிட்டேன்.

— யா அல்லா... நாம எறக்கின ஷட்டரைக் கடப்பாரையால நெம்புறானுங்க.

— நெம்புவான். டோக்கன் வாங்கின நாப்பது பேர் வெளிய நிக்கிறான். ஒன்றரைக்கு கம்பெனி கேட்டை மூடிடுவான், அரை நாள் சம்பளம் போச்சு. உள்ள சோறு இருக்குன்னு அவனுக்குத் தெரியும். ரெண்டு வருஷமா சொன்னேனே பாய், ரெண்டாவது ஆள் போடுங்கன்னு!

— பதினொண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் முன்னூறு பேரு. மணிக்கு அறுபது. அதுக்கு உன் ஒரு கையே ஜாஸ்தின்னு நெனச்சேன்.

— பதினொண்ணுக்கும் ஈ ஓட்றேன், மூணுக்கும் ஈ ஓட்றேன். ஒரு மணிக்கு சைரன் ஊதினா ஷூ கம்பெனி மொத்தமும் என் மேல வந்து விழுது. நிமிஷத்துக்கு நாலு பேர் வர்றான், ரெண்டு பேருக்குத்தான் என்னால அள்ள முடியும். அந்த அரை மணிய எவன் கணக்குப் பாத்தான்?

— குனி! ஜன்னல் வழியா கல்லு!

— பாய், உங்க காது கிழிஞ்சிருக்கு...

— என்னை விடு. ஆம்புலன்ஸ் மெயின் ரோட்லயே நிக்குதாம், கூட்டம் வழி விடல. அவருக்கு மூச்சு இருக்கா?

— லேசா இருக்கு. கைல இன்னாமோ கசக்கி வச்சிக்கினு இருக்கான். காயிதம். அட, வேவு பாத்திருக்கான் பாய்! "1.05, பதினோரு பேர். 1.10, பத்தொன்பது. 1.15, முப்பத்தொன்று." எல்லாம் நம்ம வரிசை! எதிர்க் கடைக்காரன் அனுப்பின ஆளு. நான் அடிச்சது தப்பே இல்ல.

— நான்தான் அனுப்பினேன்.

— இன்னாது?

— பேரு கோபி. வாணியம்பாடில ஒரு ஷூ கம்பெனில டைம் பாக்குறவரு. ஒரு ஜோடி தைக்க எத்தினி செகண்டுன்னு வாட்ச் வச்சு எழுதுற உத்தியோகம். உனக்கு நெசமாவே ஆள் வேணுமா, இல்ல ஒடம்பு வணங்காம கேக்குறியான்னு பாக்கச் சொன்னேன்.

— எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாய்!

— சொன்னா வேணும்னே மெதுவா அள்ளுவன்னு நெனச்சேன்டா. கீழ இன்னா எழுதியிருக்காரு? படி.

— எழுத்தெல்லாம் ரத்தம்.

— படிடா!

— "ஒரு தட்டுக்கு முப்பது செகண்டு. இதற்கு மேல் வேகம் மனுஷனால் ஆகாது. பரிமாறுகிறவர் மேல் எந்தத் தவறும் இல்லை. நாளைக்கே அவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆளை நிறுத்தவும். இல்லாவிட்டால்..."

— இல்லாவிட்டால்?

— அவ்ளோதான் பாய். அந்த எடத்துலதான் நான் அடிச்சேன்.