பின்னல் போடுகிறவர்

மோர்னிங்சைட் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

“இண்டைக்குப் பின்னல் நல்ல வடிவாக் கிடக்கு.”

“என்ர மனுசன் போட்டது.”

நான் ஃபோனை மடியில் வைத்துவிட்டேன்.

“வலது தோள்ல தசைநார் கிழிஞ்ச நாள் தொட்டு அவர்தான் பின்னிவிடுறவர். முதல் கிழமை வைக்கோல் புரி மாதிரி இருந்தது. இப்ப யூடியூப் பார்த்துப் பழகியிட்டார்.”

“பாவம், இன்னும் கை தூக்க ஏலாதோ?”

“கை எப்பவோ சுகம். பிசியோவும் முடிஞ்சுது. அவரிட்டைத்தான் சொல்லேல்லை.”

“ஏனப்பா?”

“தலை பின்னேக்கதான் அந்த மனுசன் வாய் திறந்து கதைக்கிறார். வேலையில நடந்தது, சின்ன வயசுக் கதை, எல்லாம் வரும். மற்ற நேரம் ரீவியோட.”

தரிப்பு நெருங்கியது. பின்னல்காரப் பெண் எழுந்தார். பஸ் குலுங்கி நிற்க, விழாமல் இருக்க வலக்கையை உயர்த்தி மேலேயிருந்த கம்பியை இறுகப் பிடித்தார்.

கதவு திறந்தது. வெளியே அவருடைய கணவர் குடையோடு நின்றார். சட்டென்று கையை இறக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடி இறங்கினார் அந்தப் பெண்.

“கண்டிட்டன்,” என்றார் கணவர், பையை வாங்கிக்கொண்டே. “பரவாயில்லை. நாளைக்கு ரெட்டைப் பின்னல் போட்டுப் பார்ப்பம், என்ன?”