பின்னட்டையில் ஒரு தோணிக்காரர்

புத்தகத்தைக் கையில் எடுப்பவர்கள் முதலில் அதைத் திருப்பித்தான் பார்க்கிறார்கள், இன்ஸ்பெக்டர். நாவல் உள்ளே இருக்கிறது. நேரம் கிடைத்தால் பிறகு படிப்பார்கள். எழுதியவர் யார், என்ன பாடுபட்டார் என்று பின்னட்டையில் தெரிந்தால் போதும். வண்ணார்பேட்டையில் பதிப்பகம் நடத்தி நான் கற்ற இலக்கியம் இவ்வளவுதான்.

எழுதுகிறவர்களோ பெரும்பாலும் குமாஸ்தாக்கள். மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டு, சாயங்காலம் பஸ்ஸில் தொங்கி வீட்டுக்குப் போகிறவர்கள். அதை அச்சிட்டால் யார் வாங்குவார்கள்? அதனால் ஒரு காப்பீட்டு முகவரை முன்னாள் சிறைக்காவலர் ஆக்கினேன். ஏரலில் பலசரக்குக் கடை வைத்திருந்த தாஜ் முகம்மதுவைக் கப்பலில் ஏற்றி உலகைச் சுற்றவிட்டேன். அவர் மறுக்கவில்லை. இரண்டாவது புத்தகம் வருவதற்குள் அவருக்கே கடல் காற்று ஞாபகம் வர ஆரம்பித்துவிட்டது.

எலியேசர்தான் சிக்கல். பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர். விடுமுறை நாட்களில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து, தோணிக்காரர்கள் பேசுவதைக் கேட்டு ஒரு நாவல் எழுதியிருந்தார். அருமையான நாவல். ‘தாமிரபரணியில் தோணி ஓட்டிப் பிழைத்தவர்’ என்று பின்னட்டையில் போட்டேன். மெட்ராஸ் விமர்சகர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. வரிக்கு வரி துடுப்பின் ஓசை கேட்கிறது என்று ஒருவர் எழுதினார். அது தட்டச்சு இயந்திரத்தின் ஓசை என்று அவருக்கு யார் சொல்வது?

பிறகு ஒரு வாரப்பத்திரிகை, எலியேசர் தோணி ஓட்டுவதைப் படம் பிடிக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னது. அன்றே அவர் பதிப்பகத்துக்கு வந்தார்.

“அண்ணாச்சி, வாரவங்கிட்ட நான் உள்ளதைச் சொல்லிருதேன். டைப் அடிக்கவன்னே போடட்டும். எனக்கு ஒறக்கமே வரமாட்டேங்கு.”

“சொன்னா மத்தவங்க கதி என்னாவும்வே?”

“அவங்களும் சொல்லட்டும்.”

நேர்மையானவர்கள் இப்படித்தான். தாங்கள் தூங்குவதற்காக ஊரையே எழுப்பிவிடுவார்கள். நான் கோபப்படவில்லை. சொல்வதைப் பிறகு பார்ப்போம், முதலில் தோணியில் நின்று பாரும், அப்புறம் அது முழுப் பொய்யாக இருக்காதே என்றேன். அவருக்கும் அது நியாயமாகப் பட்டது.

ஐப்பசி மழைக்கு ஆறு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. ஏரலுக்குக் கிழக்கே ஆளில்லாத ஒரு துறையில் பழைய தோணி ஒன்று கட்டிக் கிடந்தது. நானே அவிழ்த்தேன்.

“நீச்சல் தெரியுமாவே?” தன் எழுத்தாளரைப் பற்றிப் பதிப்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் கேட்டேன்.

“தெரியாது அண்ணாச்சி. தண்ணின்னாலே பயம்.”

“பைய ஏறும். கயிறு என் கையிலதான இருக்கு.”

ஏறினார். கம்பை ஊன்றினார். தோணி ஆற்றின் நடுவை நோக்கித் திரும்பியபோது சிரிக்கக்கூடச் செய்தார். “அண்ணாச்சி, போவுது பாத்தியளா” என்றார்.

கயிறு வழுக்கிவிட்டது என்று நேற்று விசாரிக்க வந்த உங்கள் சப்-இன்ஸ்பெக்டரிடம் சொல்லியிருந்தேன். வழுக்கவில்லை. விட்டேன். அவர் என்னைக் கூப்பிட்டார், பிறகு கூப்பிடவில்லை.

‘நதி தன் தோணிக்காரனை எடுத்துக்கொண்டது’ என்று பத்திரிகையில் வந்தது. இரண்டாம் பதிப்பு அச்சில் இருக்கிறது. அஞ்சலிக் கூட்டத்தில் எல்லோரும் உருகிப் பேசி முடித்ததும், பின்வரிசையிலிருந்து அவர் மனைவி ஜெபராணி எழுந்தார்.

“அவுகளுக்கு ஆத்துல கால் நனைக்கவே பயம். எங்கன தோணி ஓட்டுவாக? யாரு கூட்டிட்டுப் போனது?”

துக்கத்தில் பேசுகிறார் என்று உட்காரவைக்கப் பார்த்தார்கள். அவர் உட்காரவில்லை, நேராக உங்களிடம் வந்துவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று பேசியவர்களில் ஒருவர்கூட அந்த நாவலைப் படிக்கவில்லை. நான் கடைசிப் பக்கம்வரை படித்தவன். இரண்டு இடங்களில் அழுதும் இருக்கிறேன். எலியேசரை உண்மையில் மதித்தவன் யார் என்று நீங்களே முடிவு செய்யலாம்.